ஒன்பது அங்குலச் சுவர்

— குழாயை விடுங்க சார். தண்ணி வரலைன்னா பிளம்பரைக் கூப்பிட்டுக்கலாம். நீங்க ஹாலைப் பாருங்க.

— பாக்கறேம்மா. ஹால் எங்கேயும் ஓடிப்போயிடாது. வாங்கறவங்களுக்காக வீட்டைப் பரிசோதிக்கறது பதினெட்டு வருஷமா என் பொழைப்பு. முதல்ல தண்ணி, அப்புறம் கரண்ட், அப்புறம்தான் சுவர். நடுவுல இருந்து ஆரம்பிச்சா எனக்குக் கணக்கு தப்பிடும்.

— புரோக்கர் எவ்வளவு நேரம் வெளியில இருப்பார்னு தெரியல. அதான் சொன்னேன்.

— அவர் கார்ல ஏசியைப் போட்டுட்டு போன்ல பேசிட்டு இருக்கார். அந்த மாதிரி ஆளுக்குப் பேச்சு முடியறது கஷ்டம். ஏன், வேற யாராவது இந்த வீட்டைப் பாக்க வராங்களா?

— இல்ல. கொஞ்சம் மெதுவாப் பேசலாமே சார்.

— காலி வீட்டுல யாருக்குப் பயந்து மெதுவாப் பேசறது? சொந்தக்காரர் போய் எவ்வளவு நாளாச்சாம்?

— ரெண்டு மாசம். அப்படித்தான் புரோக்கர் சொன்னார்.

— சரி, எழுதிக்கறேன். தரைத்தளம். மேல மூணு மாடி. கட்டி இருபத்தஞ்சு வருஷம் இருக்கும். இந்த பில்டர் கட்டின வீடு எல்லாம் எனக்கு அத்துப்படி. எல்லாத்தையும் ஒரே அச்சுல வார்த்துட்டுப் போயிருக்கான். கண்ணைக் கட்டிவிட்டாக்கூட நேரா பாத்ரூமுக்குப் போயிடுவேன்.

— அப்படின்னா இந்த ஹால் உங்களுக்கு எப்படித் தெரியுது?

— பெருசாத் தெரியுது. இருங்க. இங்க ஒரு பெட்ரூம் இருக்கணுமே.

— இருந்திருக்கும்.

— சுவரை எடுத்துட்டு ரெண்டையும் ஒண்ணாக்கிருக்காங்க. மேல ஃபால்ஸ் சீலிங், குட்டிக்குட்டியா விளக்கு, நகைக்கடை தோத்துது. இதைப் பாத்துத்தான் உங்களுக்குப் பிடிச்சுப்போச்சாக்கும்.

— எடுக்கலாமா சார், சுவரை?

— சுவர்ல ரெண்டு வகை உண்டும்மா. ஒண்ணு சும்மா மறைப்புக்கு நிக்கும். இன்னொண்ணு மேல இருக்கற மொத்தத்தையும் தலையில வாங்கிட்டு நிக்கும். குடும்பத்துல ஒருத்தர் அப்படி இருப்பாங்க இல்ல, அந்த மாதிரி. மறைப்பை எடுத்தா வீடு பெருசாகும், அவ்வளவுதான்.

— மத்ததை எடுத்தா?

— எதை எடுத்திருக்கான்னு முதல்ல பாத்துடுவோம். இந்த ஸ்டூலைப் பிடிச்சுக்கோங்க. ஒரு விளக்கைக் கழட்டிட்டு, அந்த ஓட்டை வழியா என் கேமராவை விடறேன். கெட்டியாப் பிடிங்கம்மா. விழப்போறது நான்தானே.

— சரி சார். பிடிச்சிருக்கேன். என்ன தெரியுது?

— தூசு. எலிப்புழுக்கை. ஒயர்க்காரன் விட்டுட்டுப் போன டேப்பு. இருங்க, திருப்பறேன். ஆங், சுவரைப் பேத்தெடுத்த தழும்பு தெரியுது. செங்கல் பாதிப்பாதியா உடைஞ்சு நிக்குது. பூசக்கூட இல்ல பாவி. அகலத்தை அளந்துடறேன்.

— எவ்வளவு சார்?

— கொஞ்சம் இருங்க.

— சார், எவ்வளவு?

— ரெண்டு தடவை அளந்துட்டேன். நாலரை அங்குலமா இருக்கணும்னு நினைச்சுட்டே அளந்தேன். ஒன்பது.

— ஒன்பதுன்னா?

— ஒன்பது அங்குலச் சுவரை யாரும் மறைப்புக்குக் கட்ட மாட்டாங்க. இது சுமக்கற சுவர்.

— அதுக்குப் பதிலா ஏதாவது வெச்சிருக்காங்களா? உத்தரம் மாதிரி?

— வெச்சிருக்கான். ஒரு இரும்புக் குழாய். வாசல் கேட்டுக்குப் போடற குழாய். ஈரத்துணி காயப்போடலாம். மூணு மாடியைக் காயப்போட முடியாது. இப்பவே நடுவுல தொய்ஞ்சிருக்கு. சரி, நான் இறங்கறேன். ஸ்டூலை விட்டுடுங்க.

— சார், ரிப்போர்ட்ல என்ன எழுதுவீங்க?

— எழுதறது இருக்கட்டும். வாயாலயே சொல்லிடறேன். இந்த வீடு உங்களுக்கு வேண்டாம். முன்பணம் கொடுத்துட்டீங்களா?

— இல்ல.

— பொழைச்சீங்க. எல்லாத்தையும் கட்டி எடுத்துட்டு வெளியில போய்ப் பேசுவோம். எனக்கு இதுக்கு அடியில நின்னு பேசப் பிடிக்கல.

— போகாதீங்க சார். இன்னும் எவ்வளவு நாள் தாங்கும்?

— வாங்கப்போறதில்லையே, அது எதுக்கு உங்களுக்கு?

— எனக்குத் தெரிஞ்சாகணும்.

— நான் என்ன ஜோசியரா? ரெண்டு வருஷம் நின்னாலும் நிக்கும். இல்லைன்னா ரெண்டு...

— ரெண்டு என்ன?

— விடுங்கம்மா. இந்த மாதிரி வீடெல்லாம் நோட்டீஸ் கொடுத்துட்டு இறங்காது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

— மேல குடியிருக்கறவங்ககிட்ட சொல்லுவீங்க இல்ல?

— என் ரிப்போர்ட் என்னைக் கூப்பிட்டவங்களுக்கு மட்டும்தான். அது தொழில் முறை. டாக்டர் உங்க ரத்தப் பரிசோதனையைப் பக்கத்து வீட்டுல போய்ப் படிச்சுக் காட்டுவாரா?

— பக்கத்து வீட்டுக்கும் அதே வியாதின்னா?

— இத்தனை வருஷத்துல யாரும் என்கிட்ட இப்படிக் கேட்டதில்ல. ஜன்னல் எந்தப் பக்கம், ஈரம் இறங்குமா, கரையான் இருக்கா, இதைத்தான் கேப்பாங்க. நீங்க கேக்கறது எதுவும் வீடு வாங்க வந்தவங்க கேக்கற மாதிரி இல்லையே.

— மேல சத்தம் கேக்குது பாருங்க.

— ஆமா. யாரோ நடக்கறாங்க. டக், டக்னு ஏதோ ஊன்றி ஊன்றி. ஒரு விதத்துல நல்லதாப்போச்சு, ஒண்ணு அளந்துடலாம். திரும்ப ஏறி, இந்த ஸ்கேலை விளக்கு ஓட்டை வழியா அந்த இரும்புக் குழாயில தொங்க விடறேன். லேசரைத் தரையில வெச்சுட்டேன். சிவப்புக் கோடு ஸ்கேல்ல எந்த எண்ல விழுதுன்னு படிங்க. எல்லாம் மில்லிமீட்டர். என் கண்ணாடி கார்ல இருக்கு.

— நாப்பது.

— அவர் நடு ஹாலுக்கு வரும்போது?

— நாப்பத்திரெண்டு.

— மேல இருக்கற தளம் ரெண்டு மில்லி இறங்குது. இப்ப அவர் அந்தக் கோடிக்குப் போயிட்டார். பழையபடி நாப்பதுக்கு வந்துடுச்சா?

— நாப்பத்தொண்ணு.

— வரும். நல்ல தளமா இருந்தா கால் நகர்ந்ததும் திரும்பி வந்துடும். கொஞ்சம் பொறுங்க.

— வரல சார். நாப்பத்தொண்ணுலயே நிக்குது. திரும்பிட்டார், நடு ஹாலுக்கு வரார். பதினாலாவது சுத்து.

— என்ன சொன்னீங்க?

— நாப்பத்திமூணு.

— அது இல்லம்மா. பதினாலாவது சுத்துன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?

— தினம் இருபது சுத்து நடக்கணும்னு டாக்டர் சொல்லிருக்கார். நாலு மணிக்கு ஆரம்பிப்பார். இடுப்பு ஆபரேஷன் ஆகி ஒண்ணரை மாசம்தான் ஆச்சு. அந்த டக் டக் அவரோட வாக்கர்.

— யாரோட வாக்கர்?

— என் வீட்டுக்காரரோடது. நாங்க மேல் வீடு சார்.

— போனை எடுங்க. முதல்ல நடக்கறதை நிறுத்தச் சொல்லுங்க. நடு ஹால் வேண்டாம். வெளிச் சுவர் ஓரமாப் போய் நிக்கட்டும். ஸ்பீக்கர்ல போடுங்க.

— ஹலோ, நான்தான். நடக்காதீங்க. அப்படியே ஜன்னல் பக்கமாப் போய் உக்காருங்க. மெதுவா.

— இன்னும் ஆறு சுத்து இருக்கு மகாராணி. டாக்டர் நடங்கறார், பொண்டாட்டி உக்காருங்கறா. யார் பேச்சைத்தான் நான் கேக்கறது?

— என் பேச்சை. உக்காந்தாச்சா?

— உக்காந்தாச்சு, உக்காந்தாச்சு. நீ மருந்துக்கடையில இல்லையா? குரல் கிணத்துக்குள்ள இருந்து வர மாதிரி இருக்கே.

— கீழ் வீட்டுல இருக்கேன்.

— நம்ம கீழ் வீட்டுலயா? உன்னை யார் உள்ள விட்டாங்க?

— புரோக்கர். வீடு வாங்க வந்திருக்கேன்னு சொன்னேன். அவருக்கு என்னைத் தெரியாது. நம்ம படியில இறங்கி, தெருவைச் சுத்தி, முன் வாசல் வழியா யாரோ மாதிரி வந்தேன். நான் வேற என்ன பண்றது? மூணு மாசமா நம்ம பெட்ரூம் கதவு சாத்தலைன்னு சொன்னா ஆசாரியைக் கூப்பிடுன்னீங்க. ரெண்டு தடவை இழைச்சுட்டார். இனிமே இழைக்க அந்தக் கதவுல மரம் இல்ல. கீழ் வீட்டுக்காரர்கிட்ட ஒரே ஒரு தடவை உள்ள வந்து பாக்கறேன்னு கெஞ்சினேன், மூஞ்சியில அடிச்ச மாதிரி சாத்திட்டார். வாங்கறவங்களுக்குத்தான் திறப்பாங்கன்னா வாங்கறவளாத்தான் வரணும்.

— உனக்கு என்ன ஆச்சு? இதை வெளியில யார்கிட்டயும் சொல்லிட்டிருக்காதே, சிரிப்பாங்க. நீ தூங்கறப்பகூட சுவர்ல காதை வெச்சுட்டுத்தான் தூங்கறே.

— சார், நான் வீடு பரிசோதனை பண்றவன். உங்க வீட்டம்மா கூடத்தான் நிக்கறேன். அவங்க பயந்தது சரிதான். உங்க ஹாலுக்கு அடியில இருந்த சுவரை எடுத்துட்டாங்க. பீரோவைத் திறக்க வேண்டாம், வீட்டைப் பூட்டக்கூட வேண்டாம். இறங்கி வந்துடுங்க.

— சார், உங்களையும் மடக்கிட்டாளா? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். இவளுக்குக் கதவு இறுகினாலும் பேய், பல்லி கத்தினாலும் பேய். சுவர் எடுத்தது எங்களுக்குத் தெரியும் சார். சங்கத்துல கூட்டம் போட்டு, எல்லாரும் கையைத் தூக்கினப்புறம்தான் கீழ் வீட்டுக்காரர் எடுத்தார்.

— கையைத் தூக்கினா தளம் நிக்காது சார். இங்க அளந்து பாத்துட்டுச் சொல்றேன். நீங்க நடக்கும்போது மூணு மில்லி இறங்குது. இறங்கினது திரும்பி வரல.

— மூணு மில்லியா? நான் ஆஸ்பத்திரியில இருந்து வந்தப்புறம் மூணு கிலோ ஏறியிருக்கேன். அதுவா இருக்கும்.

— விளையாடாதீங்க. இறங்கி வாங்க, உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன்.

— வாக்கரை வெச்சுட்டு அத்தனை படி இறங்கி, கீழ ஒண்ணும் இல்லைன்னு தெரிஞ்சா யார் என்னைத் திரும்பத் தூக்கிட்டு வரது? போன வாரம் கரண்ட் பில் கட்டற நேரத்துல ரெண்டாவது மாடி டீச்சர் என்கிட்டயே கேக்கறாங்க, உங்க மிஸஸுக்கு உடம்பு சரியில்லையான்னு. எனக்கு எப்படி இருந்திருக்கும்?

— சார், அந்த டீச்சர் வீட்டுல அஞ்சு மணிக்கு ட்யூஷன். பதினஞ்சு பிள்ளைங்க. எல்லாம் எங்க ஹாலுக்கு நேர் மேல உக்காரும். எங்க பொண்ணும் ஸ்கூல் வேன்ல இருந்து இறங்கி நேரா அங்கதான் போவா. மணி இப்ப நாலு இருபத்தெட்டு.

— டீச்சர் நம்பரைக் கொடுங்கம்மா. நானே பேசறேன்.

— நான் பேசாம இருப்பேனா சார்? மூணு தடவை சொல்லிட்டேன். கடிதம் இருக்கேங்கறாங்க. மூணாவது மாடிக்காரரும் கடிதம்ங்கறார். சங்கத் தலைவரும் கடிதம்ங்கறார். அந்த ஒரு வார்த்தையைச் சொன்னதும் எல்லாருக்கும் காது அடைச்சுப்போகுது.

— என்ன கடிதம்?

— நான் சொல்றேன் சார். கீழ் வீட்டுக்காரர் ஒண்ணும் விவரம் தெரியாதவர் இல்ல. சுவரைத் தொடறதுக்கு முன்னாடியே, உங்களை மாதிரி ஒரு நிபுணர் எழுதிக் கொடுத்த கடிதத்தை வீட்டுக்கு ஒரு நகல் கொடுத்துட்டார். தாராளமா எடுக்கலாம்னு அதுல இருக்கு.

— இந்தச் சுவரையா? எடுக்கலாம்னா? எவன் சார் எழுதினான் அதை? எழுதினவன் கையை ஒடிச்சு அடுப்புல வைக்கணும். அவன் இங்க வந்து பாத்திருக்கவே மாட்டான். வந்து பாத்திருந்தா எழுதியிருக்க மாட்டான்.

— அது உங்க தொழில் சண்டை. நடுவுல எங்களை ஏன் இழுக்கறீங்க? ஒரு நிபுணர் எடுக்கலாம்ங்கறார், இன்னொரு நிபுணர் கூடாதுங்கறார். முதல்ல சொன்னவர் எழுத்துல கொடுத்திருக்கார். நீங்க போன்ல கத்தறீங்க.

— அந்தக் காகிதம் உங்ககிட்ட இருக்கா?

— ஜன்னல் மேலயே இருக்கு. இவ தினம் எடுத்து வெச்சுப் பாக்கறா, மடிச்ச இடமெல்லாம் கிழிஞ்சுபோச்சு.

— படிங்க சார். அப்படியே எழுத்துப் பிசகாம.

— கேளுங்க. ‘இந்நிறுவனம் கட்டியுள்ள பி வகை வீட்டில், கூடத்திற்கும் படுக்கையறைக்கும் இடையே உள்ள சுவர் வெறும் தடுப்புச் சுவரே ஆகும். கட்டடத்தின் பாரம் எதையும் அது தாங்கி நிற்கவில்லை.’ போதுமா?

— மேல படிங்க.

— ‘ஆகவே அதனை அகற்றுவதால் கட்டடத்துக்கு யாதொரு பாதகமும் விளையாது என்பதை, நேரில் சோதித்தறிந்ததன் பேரில் தெரிவித்துக்கொள்கிறேன்.’ நேரில் சோதிச்சிருக்கார், கேட்டீங்களா? வந்து பாக்கவே இல்லைன்னீங்களே.

— எந்த மாடின்னு போட்டிருக்கா?

— என்ன?

— எந்த மாடி வீடுன்னு. தரைத்தளமா, உச்சி மாடியான்னு. எங்கேயாவது எழுதியிருக்கா?

— மாடியா? இல்லையே. பி வகைன்னு மட்டும்தான் இருக்கு.

— மேல, ஓரத்துல, வீட்டு எண்?

— ஒண்ணும் இல்ல சார். அடியில ஒரு கையெழுத்து இருக்கு, கோழி கிளறின மாதிரி. பேர் படிக்க முடியல. முத்திரை நகல்ல ஒரேயடியாக் கறுப்பா அப்பிக்கிடக்கு. ஹலோ? சார்? லைன்ல இருக்கீங்களா?

— இருக்கார். நீங்க அந்த இடத்தை விட்டு நகராதீங்க. வாக்கரைக் கைக்கு எட்டற மாதிரி வெச்சுக்கோங்க. போனை வைக்கறேன்.

— உச்சி மாடியில அது நாலரை அங்குலம்தான் அம்மா. அதுக்கு மேல ஒண்ணுமே கிடையாது, மொட்டை மாடிதான். அங்க அதை எடுக்கலாம். கீழ வந்தாத்தான் ஒன்பது. மாடியை எழுதணும். அதை எழுதாம ஒரு கடிதம் வெளியில போகக்கூடாது.

— ஆனா போயிருக்கு.

— உச்சி மாடிக்காரர் யாரோ வாங்கினது, நகல் எடுத்து எடுத்துக் கைமாறியிருக்கும். ஒரே பில்டர், ஒரே வகை வீடு. மாடி இல்லைன்னா யார் வேணா அவங்க வீட்டுக்குன்னு வெச்சுக்கலாம். கொஞ்சம் தண்ணி கிடைக்குமாம்மா?

— குழாயில வருது. நீங்கதானே பாத்தீங்க.

— கார்ல ஒரு கருவி இருக்கு. அது இல்லாம எதையும் உறுதியாச் சொல்ல முடியாது. போய் எடுத்துட்டு வந்துடறேன்.

— ஸ்கேலைப் பாருங்க சார். நாப்பத்திநாலு.

— யாரும் நடக்கலையே.

— இல்ல. அவர் ஜன்னல் பக்கம் உக்காந்திருக்கார்.

— முட்டுக் கொடுக்கணும். ஆளைக் கூப்பிட்டு, இரும்பு முட்டு வண்டியில வந்து இறங்க ராத்திரி ஆயிடும். அதுவரைக்கும் மேல ஒரு உயிர் இருக்கக்கூடாது. நான் வேணா ரிப்போர்ட் எழுதிக் கொடுக்கறேன். இப்பவே, இங்கேயே உக்காந்து எழுதறேன். நீங்க கொண்டுபோய்க் காட்டுங்க.

— இன்னொரு காகிதமா?

— என்னம்மா செய்யச் சொல்றீங்க என்னை? ஊர்ல இந்த வேலை பாக்கறவங்க பத்து பேர் இருக்காங்க. என்னைவிடப் பெரிய ஆளுங்க. ஏன் என்னைக் கூப்பிட்டீங்க?

— மருந்துக்கடையில உக்காந்து பன்னெண்டு வருஷமா டாக்டர் கிறுக்கலைப் படிக்கறவ சார் நான், அந்தக் கையெழுத்தைப் படிக்க எனக்கு ரெண்டே நாள்தான் ஆச்சு. பத்து பேர்ல வேற யார் வந்து சொன்னாலும் இந்தக் கட்டடத்துல ஒருத்தரும் இறங்க மாட்டாங்க. கடிதத்தை எழுதின நீங்க ஒவ்வொரு கதவாத் தட்டிச் சொன்னா இறங்குவாங்க.